மருந்துக்கும் அடங்காத அண்ணி

காலை ஆறே முக்காலுக்கு அண்ணி என்னைக் கைப்பேசியில் அழைத்தார். "தம்பி, நீ கொஞ்சம் வா. எனக்குச் சாவியத் திருப்ப முடியல" என்றார். வேன் பழுதாகிவிட்டது என்று நினைத்து, ஸ்குரூடிரைவரையும் பேட்டரி ஒயரையும் எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் விரைந்தேன். செம்மோருக்கும் ஈப்போவுக்கும் இடையே, முன்பு ரப்பர்க் காடாக இருந்து இப்போது எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டமாகிவிட்ட ஓரிடத்தில், புல்மேட்டை ஒட்டி வேன் நின்றுகொண்டிருந்தது. பின்விளக்குகள் இரண்டும் விட்டுவிட்டு மின்னின. உள்ளே பன்னிரண்டு பிள்ளைகள், நீலச் சீருடையில், ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். அண்ணி ஓட்டுநர் இருக்கையில் நேராக உட்கார்ந்திருந்தார். வலது கை சாவியின் மேல் இருந்தது. அழவில்லை. "வண்டி நல்லாதான் இருக்கு தம்பி. நான்தான் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குறேன்" என்றார்.

இன்னொரு வேன்காரரை அழைத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினேன். கடைசிப் பிள்ளை ஏறும்வரை அண்ணி ஒவ்வொரு பெயராகச் சொல்லிச் சரிபார்த்தார். பிறகு பின்னிருக்கையில் போய்ப் படுத்துக்கொண்டார். நான் வேனை வீட்டுக்கு ஓட்டி வந்தேன். வழியெங்கும் அவர் எழுந்திருக்கவே இல்லை.

அண்ணியைத் தெரிந்தவர்கள் யாரும் அதை நம்பமாட்டார்கள். சுங்காய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்தவர் அவர். தோட்டம் விற்கப்பட்டபோது, தொழிலாளர் குடியிருந்த லயத்தைக் காலி செய்யச் சொல்லி வந்த கடிதத்தை மானேஜர் முன்னால் உரக்கப் படித்து, "தேதி தப்பா இருக்கு, திருத்திக் கொண்டாங்க" என்று திருப்பிக் கொடுத்தவர் என்று அவருடைய அப்பா சொல்லிச் சிரிப்பார். என் அண்ணனைக் கட்டிக்கொண்டு ஈப்போவின் புந்தோங்குக்கு வந்தார். அண்ணன் லூமுட்டுக்கும் கிள்ளானுக்கும் லோரி ஓட்டுபவர். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். "நீங்க பெரிய வண்டி ஓட்டுங்க, நான் சின்ன வண்டி ஓட்டுறேன்" என்று உரிமம் எடுத்து, பழைய வேன் ஒன்றை வாங்கி, ஒன்பது வருடமாகத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கினார். தெரு முனையில் வேன் திரும்புமுன்பே அவர் குரல் வீட்டுக்குள் வந்துவிடும்.

அப்படிப்பட்டவருக்கு இது ஏன் வந்தது என்று காரணம் தேடுவதே எங்கள் சொந்தக்காரர்களுக்கு வேலையாகிவிட்டது. குழந்தை இல்லாததால் என்றார் ஒருவர். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றார் இன்னொருவர். கறுப்புக் கயிறு கட்டினார்கள், எலுமிச்சம்பழம் சுற்றினார்கள், பக்கத்து வீட்டு அக்கா ஜெபக்கூட்டத்துக்கும் அழைத்துப்போனார். அண்ணி எதையும் மறுக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மறுக்காத அண்ணியை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை.

தனியார் மனநல கிளினிக் ஒன்றுக்குப் போனோம். முதல் மாத்திரையை இரண்டு மாதம் சாப்பிட்டார்; அளவைக் கூட்டியும் பலனில்லை. இரண்டாவதாக வேறொன்று. அதுவும் அப்படியே. சாப்பிடுவதும் குளிப்பதும் யாரோ சொன்னால்தான். ஒரு நாள் சுவரைப் பார்த்தபடியே, "நான் இல்லன்னா உங்க எல்லாருக்கும் லேசா இருக்கும் தம்பி" என்றார். சாதாரணமாக, கடைக்குப் போய் வருவதைச் சொல்வதுபோலச் சொன்னார். அன்றிலிருந்து வீட்டில் அவரைத் தனியாக விடவில்லை. மறுநாளே டாக்டரிடம் போய், அவர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

டாக்டர் அண்ணியிடம் சாவைப் பற்றி நேரடியாகவே கேட்டார். அண்ணியும் மறைக்காமல் பதில் சொன்னார். பிறகு டாக்டர் எங்களிடம், இது மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சோர்வு என்றார். இரண்டு மருந்துகளைப் போதிய அளவில், போதிய காலம் கொடுத்தும் குணமாகாவிட்டால் அப்படிச் சொல்வார்களாம். இதற்கென்று மூக்கில் அடிக்கும் புது மருந்து ஒன்று இருப்பதாகவும், அதற்குக் கோலாலம்பூருக்குப் போய்வர வேண்டும் என்றும் சொல்லி, விலையையும் சொன்னார். அண்ணன் தரையைப் பார்த்தார். வெளியே வந்ததும், "வேன வித்துடலாம். பத்தலன்னா வீட்டப் பார்ப்போம்" என்றார். அண்ணி நடப்பதை நிறுத்தினார். "மருந்துக்கே அடங்காதவளாமே நான்" என்றார். பிறகு, "வேன வித்து நான் நல்லாயிட்டா, அப்புறம் எதுல ஏறி உட்காருறது?" என்று கேட்டார். நோய் வந்தபிறகு அவராகக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

எனக்கு அந்தக் கேள்வி போதுமாக இருந்தது. அவர்களை அங்கேயே நிற்கவைத்துவிட்டுத் திரும்பிப்போய்க் கதவைத் தட்டினேன். இரும்புக் கடையில் ஆணியும் பெயிண்டும் விற்பவன் நான். விலை அதிகம் என்று ஒருவர் தயங்கினால், அதே வேலைக்கு வேறென்ன இருக்கிறது என்று நானே எடுத்துக் காட்டுவேன். அதையே டாக்டரிடம் கேட்டேன்: "டாக்டர், இதவிட விலை குறைஞ்ச வேற வழியே இல்லையா?" அவர் கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "இருக்கு. பழைய மருந்துங்க. ரத்தப் பரிசோதனையோட கவனமாக் கொடுக்கணும். அரசாங்க ஆஸ்பத்திரியிலயே செய்வாங்க. நான் கடிதம் தரேன்" என்றார். அந்தப் பதில் அத்தனை நாளும் அந்த அறைக்குள்ளேயே இருந்திருக்கிறது. நாங்கள்தான் கேட்கவில்லை. ஏழைகளாகத் தெரிந்துவிடுவோமோ என்ற வெட்கத்தில் கேட்காமல் இருந்தோம். அந்த வெட்கத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது.

அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் காலை முழுக்கக் காத்திருந்தோம். எங்களைப் பார்த்தவர் ஒரு மலாய்ப் பெண் டாக்டர். முந்தைய சிகிச்சைக் கடிதத்தை ஒரு வரி விடாமல் படித்தார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரையை நிறுத்தாமல், அதோடு லித்தியம் சேர்க்கலாம் என்றார். அண்ணி மலாயில், "இது எவ்வளவு பழைய மருந்து?" என்று கேட்டார். "என்னைவிடப் பழசு" என்று டாக்டர் சிரித்தார். "விலை குறைவென்றால் தரம் குறைவென்று நினைக்காதீர்கள். பழையதாகிவிட்டதால் யாரும் விளம்பரம் செய்வதில்லை, அவ்வளவுதான். ஆனால் இதோடு விளையாட முடியாது." முதலில் சிறுநீரகத்துக்கும் தைராய்டுக்கும் பரிசோதனை. பிறகு மருந்து ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். தண்ணீர் குறையக் கூடாது. வலி மாத்திரை எதையும் கேட்காமல் வாங்கக் கூடாது. நினைத்தபோது நிறுத்தவே கூடாது. டாக்டர் சொல்லும்வரை வேன் ஓட்டக் கூடாது. "இதுவும் கேட்கலன்னா?" என்றார் அண்ணன். இன்னொரு பழைய மாத்திரை வகை இருக்கிறது, அதற்குப் பிறகு மயக்கம் கொடுத்துச் செய்யும் மின்சிகிச்சை இருக்கிறது, அதுவும் இங்கேயே செய்வோம் என்றார் டாக்டர். "வரிசை இன்னும் முடியவில்லை" என்றார். அந்த வாக்கியத்தை அண்ணன் வீடு வரும்வரை மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

உடனே எதுவும் மாறிவிடவில்லை. கை நடுங்கியது. ஓயாத தாகம். வாயில் இரும்புக் கசப்பு. முதல் பரிசோதனையில் மருந்து போதவில்லை என்று அளவைக் கூட்டினார்கள். மாதம் ஒன்று கடந்தது. நான் நம்பிக்கையை விட்டுவிட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசலில் அண்ணியின் குரல் கேட்டது. "தம்பி! இந்த வேன எத்தன நாளா ஸ்டார்ட் பண்ணாம வெச்சிருக்கீங்க? பேட்டரி செத்துப் போச்சே! உங்க ரெண்டு பேருக்கும் கண்ணு இல்லையாலா?" நான் அடுப்படியிலேயே நின்று அந்தத் திட்டு முழுவதையும் கேட்டேன். குறுக்கே பேசி அதை நிறுத்திவிட எனக்கு மனமில்லை.

இன்னும் சில மாதம் கழித்து, ஓட்டலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அதற்குள் செய்தி ஊருக்குள் போய்விட்டிருந்தது. மனநலப் பிரிவில் மருந்து வாங்குகிறவரிடம் எப்படிப் பிள்ளைகளை விடுவது என்று பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் பேச்சு. கொஞ்ச நாள் பொறுக்கலாம் என்றேன். அண்ணி கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை, அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே இருக்கும் சிறு மண்டபத்துக்குப் பெற்றோரை அழைத்தார். பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். அண்ணி டாக்டரின் கடிதத்தை மேசைமேல் வைத்தார்.

"எனக்கு வந்தது மனநோய். நானே சொல்றேன், நீங்க குசுகுசுன்னு பேச வேணாம்" என்று ஆரம்பித்தார். "இனிப்பு நீரு வியாதிக்கு மாத்திர சாப்பிடுற டிரைவரு எத்தன பேரு இருக்காங்க? அவங்கள நிறுத்தினீங்களா? அன்னிக்கு எனக்கு முடியலன்னு தெரிஞ்சதும் வண்டிய ஓரங்கட்டினேன். உங்க பிள்ளைங்கள வெச்சுக்கிட்டு ஓட்டல. டாக்டர் சொல்ற வரைக்கும் சாவியத் தொடல. இதவிட ஒழுங்கான டிரைவர் கெடைச்சா தாராளமாப் போங்க. நான் மருந்து சாப்பிடுறேன்னு பயப்படாதீங்க. சாப்பிடாம ஓட்டினா பயப்படுங்க."

யாரும் கைதட்டவில்லை. இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். ஒருவர் கடிதத்தை எடுத்து, தேதியைப் பார்த்துவிட்டு, "திங்கக்கிழமை எத்தன மணிக்கு வருவீங்க?" என்று கேட்டார். திங்கட்கிழமை வேனில் ஏழு பிள்ளைகள். அண்ணி அன்றும் பன்னிரண்டு பேரை ஏற்றிய நாளின் குரலில்தான் ஹாரனோடு போட்டிபோட்டார். அந்தச் சனிக்கிழமை மண்டபத்தைப் பூட்டும்போது நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு தாய் திரும்பி வந்து, அண்ணியின் காதருகில், "அக்கா, ஆஸ்பத்திரியில அந்தப் பிரிவு எந்த மாடி?" என்று கேட்டார்.

இப்போது அண்ணிக்கு ஆஸ்பத்திரி நாளென்றால், பிள்ளைகளை இறக்கிவிட்ட வேனில் வேறு ஆட்கள் ஏறுகிறார்கள். அந்தத் தாய் ஒருவர். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். எல்லோருக்கும் ஒரே மருந்து இல்லை. தபால்காரருக்கு லித்தியம் ஒத்துக்கொள்ளாமல் வேறு பழைய மாத்திரைக்கு மாற்றி, இப்போதுதான் தூக்கம் வருகிறது. அண்ணியும் முற்றிலும் தப்பிவிடவில்லை. நடுவில் ஒருமுறை சறுக்கி, ஐந்து வாரம் வேனை நிறுத்தினார். மருந்தின் அளவை மாற்றினார்கள். பெற்றோருக்கு அவரே செய்தி அனுப்பினார்: "எனக்கு உடம்பு சரியில்லை. டாக்டர் சொன்னதும் வருவேன்." இந்த முறை ஒரு பிள்ளைகூடக் குறையவில்லை.

போன மாதம் ஒரு கல்யாணத்தில், எங்களுக்கு மாமா முறையாகும் பெரியவர் ஒருவர், எல்லோர் முன்னிலையிலும் அண்ணி மாத்திரை போடுவதைப் பார்த்து முகம் சுளித்தார். "இன்னும் எத்தன காலத்துக்கும்மா இத?" என்றார். அண்ணி தண்ணீரைக் குடித்து முடித்தார். "உசிரோட இருக்குற வரைக்கும் மாமா. அதுக்குத்தானே சாப்பிடுறேன்" என்றார்.

இதையெல்லாம் எழுதட்டுமா என்று அண்ணியிடம் கேட்டேன். ஆட்கள் படித்தால் கண்டுபிடித்துவிடுவார்களே என்று எனக்குத் தயக்கம். வேனின் டயரை உதைத்துக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பாமலே பதில் சொன்னார்.

"என் பேரப் போடாத தம்பி, அது யாருக்கும் உதவாது. மருந்து பேரப் போடு. ரத்தம் பார்த்துத்தான் சாப்பிடணும்னு அதையும் சேர்த்து எழுது."