வலது கண்ணை மறைத்து விளையாடிய பருவம்

1. பேனை

"எத்தினை பேனை தெரியுது?" என்று எங்கள் அணியின் வைத்தியர் கேட்டார்.

"ஒண்டு" என்றேன்.

எனக்கு இரண்டு தெரிந்தது.

பேனையை முகத்துக்கு நேரே பிடித்திருந்த மட்டும் ஒன்றாகத்தான் இருந்தது. அவர் அதை மேலே உயர்த்த உயர்த்தப் பிரிந்து, ஒன்றுக்கு மேல் ஒன்றாக நின்றது. தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் உயர்த்து என்று சொல்லியிருந்தார். நான் களவாக நாடியைக் கொஞ்சம் தூக்கினேன். அவர் கவனிக்கவில்லை. படிவத்தில் கையெழுத்து வைத்துவிட்டு, "ஓகே, போய் அடி" என்று முதுகில் தட்டினார். சட்டைக்குள் முதுகு நனைந்திருந்தது.

எனக்கு அப்போது முப்பத்துநாலு வயது. பேஸ்போலில் அது கிழட்டு வயது. ரொறொன்ரோவில் ஒரு சின்னத் தொழில்முறை ரீம் என்னை எடுத்திருந்தது. இதற்குக் கீழே இறங்கிப் போக வேறு படி இல்லை.

2. பதினொரு ரீம்

நான் பேசாலையில் பிறந்தவன். எட்டு வயதில் ரொறொன்ரோவின் டோர்செட் பார்க்கில் ஒரு அபார்ட்மென்றுக்கு வந்தோம். அப்பா பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுசில் வேலை செய்தார். பள்ளிக்கூடத்தில் ஜிம் மாஸ்டர்தான் நான் பந்து அடிப்பதைப் பார்த்து பேஸ்போலுக்கு இழுத்தார். பதினெட்டு வயதில் முதல் கொன்ராக்ற். அதன் பிறகு பதினாறு வருஷம், பதினொரு ரீம், ஐந்து நாடு. பெரிய லீக்கில் ஒரு நாளும் நிற்கவில்லை.

என்னை எல்லோரும் எடுத்தது ஒரு காரணத்துக்காகத்தான். இடது கைப்பக்கம் நின்று அடிப்பேன், பட்டால் பந்து வேலிக்கு வெளியே போகும்; அதுதான் ஹோம் ரன். ஓடத் தெரியாது. களத்தடுப்பும் சுமார். அதனால் ஓட்டம் குறைந்த முதல் மூலையில், ஃபேர்ஸ்ற் பேஸில், நிற்பாட்டுவார்கள். ஹோம் ரன் வரும்வரை ராசா. இரண்டு கிழமை வராவிட்டால் மனேச்சரின் உதவியாள் உன் லொக்கருக்குப் பக்கத்தில் வந்து நின்று, "ஒஃபிசுக்கு வரட்டாம்" என்பான். நல்ல செய்திக்கு அப்படிக் கூப்பிட மாட்டார்கள். நான் அந்த நடையை ஆறு தரம் நடந்தவன். சப்பாத்துச் சத்தம் கேட்டாலே கை பையைத் தேடும். இத்தாலியில் ஒரு வருஷம் பெட்டியை முழுதாகப் பிரிக்கவே இல்லை.

3. மெக்சிக்கோ

பத்தாவது ரீம் மெக்சிக்கோவில். வேகப் பந்து ஒன்று நழுவி வலது கண்ணுக்குக் கீழே அடித்தது. கண்குழியின் எலும்பு உடைந்து சத்திர சிகிச்சை செய்தார்கள். நேரே பார்க்கிற பார்வை வந்துவிட்டது. மேலே பார்த்தால் மட்டும் எல்லாம் இரண்டு.

மட்டை பிடிக்கிறவனுக்குப் பந்து நேரே வரும். அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் ஃபேர்ஸ்ற் பேஸில் நிற்பவனுக்கு வானத்தில் இருந்தும் பந்து வரும். பொப் அப் என்போம்.

என் மனைவி ஜெனிற்றாவுக்கு மட்டும் தெரியும். "கோச்சிட்டச் சொல்லுங்கோப்பா" என்றாள்.

"சொன்னால் அண்டைக்கே அனுப்பிப்போடுவாங்கள்."

"ஆருக்காவது பட்டால்?"

"பந்து எனக்கு மேலதானே விழும்" என்றேன். அப்படித்தான் நம்பினேன்.

4. சன்ரோஸ்

எனக்குப் பக்கத்தில், செக்கண்ட் பேஸில், சன்ரோஸ் என்ற டொமினிக்கன் பெடியன் நின்றான். இருபத்துமூன்று வயது. மானைப்போல ஓடுவான். அமெரிக்காவில் ஒரு பெரிய ரீம் அவனைக் கேட்டிருந்தது. பருவம் முடிய அவன் போவதாக இருந்தது.

பொப் அப் வந்தால் நான் உடனே "உன்ர பந்து!" என்று கத்துவேன். அவன் ஓடி வந்து பிடிப்பான். நான் சோம்பேறி என்று நினைத்துச் சிரிப்பான். "டோனி, உன்ர காலுக்கு என்ன, சீமெந்தா?" அன்ரன் என்ற பெயர் அவனுக்கு டோனி. நானும் சிரிப்பேன். ஒவ்வொரு இனிங்ஸ் தொடங்கும்போதும், மேலே ஒன்றும் வரக்கூடாது என்று மனதுக்குள் அருள் நிறைந்த மரியே சொல்வேன். மேகம் இல்லாத நாளில் பயம் இன்னும் கூடும். வெறும் நீலத்தில் எது உண்மையான பந்து என்று பிடிபடாது.

ஆனால் அடி விழுந்துகொண்டிருந்தது. ஜூலை முடிய ரீமிலேயே ஆகக் கூடிய ஹோம் ரன் என்னுடையதுதான். அதனால் கொரியாவில் இருந்து, ரீமுக்கு ஆள் தேடுகிற ஒரு ஸ்கௌட் வந்தார்.

5. சனிக்கிழமை பின்னேரம்

மூன்றாவது இனிங்சில் ஒன்றை மரங்களுக்கு மேலால் அனுப்பினேன். திரும்பி வரும்போது ஸ்கௌட் கொப்பியில் எழுதுவதைக் கண்டேன். நான் வந்து இருந்ததும் மனேச்சர், "அடி சரி. பிடிக்கிறதையும் பார்க்கவேணுமாம். நீ ஏன் பந்தை விட்டுக்குடுக்கிறாய் எண்டு மனுசன் கேக்கிறார்" என்றார்.

ஆறாவது இனிங்சில் பொப் அப் வந்தது. எனக்கும் சன்ரோசுக்கும் நடுவில். அவனுடைய பந்து. எனக்கு அந்தக் கொப்பிதான் நினைவில் நின்றது.

"என்ர!" என்று கத்தினேன். இரண்டாம் தரமும் கத்தினேன்.

சன்ரோசுக்குக் கேட்டது, நின்றான். நான் மேலே பார்த்தேன். இரண்டு வெள்ளைப் பந்து. கீழே தெரிந்ததை நோக்கி ஓடினேன். அது பந்தே இல்லை. பின்னால் எங்கோ 'டொக்' என்று பந்து விழ, என் நூற்றுப் பத்துக் கிலோவும் நின்றிருந்த சன்ரோசின் முழங்காலில் போய் விழுந்தது.

அவன் கத்தவில்லை. புல்லைப் பிடுங்கினான், இரண்டு கையாலும்.

6. ஒஃபிஸ்

மாட்ச் முடிய மனேச்சர் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். "நீ கோல் பண்ணினது எல்லாருக்கும் கேட்டது. அவன் விலகியிருக்கவேணும். பிழை அவன்ரதான்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கொரியாக்காரனுக்கு உன்னைப் பிடிச்சிருக்கு. திங்கட்கிழமை மெடிக்கல்" என்றார்.

நான் "தாங்ஸ்" என்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அறிக்கையை அமெரிக்க ரீம் கேட்டு வாங்கும் என்று எனக்குத் தெரியும். முழங்கால் உடைந்தவனை ஒரு வருஷம் காத்திருந்து எடுப்பார்கள். சொல் கேட்காமல் ஓடி உடைத்துக்கொண்டவனுக்கு ஆர் காத்திருப்பார்?

ஞாயிறு காலை, பூசைக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சன்ரோசின் கால் தொங்கவிடப்பட்டிருந்தது.

"டோனி, நீ கத்தினது கேட்டது. நான் நிண்டன். பிறகேன் என்ர பக்கம் வந்தனீ?" என்றான். கோபமாகக் கேட்கவில்லை. அவனுக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

"எனக்கு ரெண்டு பந்து தெரிஞ்சது."

"எப்ப தொடங்கி?"

"போன வருஷம்."

எத்தனை பந்துகளை எனக்காக ஓடிப் பிடித்தான் என்று எண்ணினானோ தெரியாது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, "போ" என்றான்.

கார் பார்க்குக்கு வந்தேன். ஜெனிற்றாவுக்குப் போன் எடுத்தேன். "மனேச்சரிட்டப் போறன்" என்றேன்.

"போங்கோ. போட்டு வீட்டை வாங்கோ" என்றாள்.

7. கதவைச் சாத்திவிட்டு

மனேச்சர் மைதானத்து ஒஃபிசில் தனியே, அடுத்த மாட்சுக்கு அடிக்கிறவர்களின் வரிசைப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மெக்சிக்கோ, பேனை, நாடியைத் தூக்கியது, சன்ரோஸ் நின்றது.

அவர் அறிக்கையை எடுத்துக் கிழித்தார். புதிதாக எழுதினார். எழுதி முடித்துத்தான் என்னைப் பார்த்தார்.

"ஏன் முதலே சொல்லேல்லை?"

"சொன்னால் விட்டுடுவீங்கள் எண்டு."

"எங்கட ரீமில அடிக்க மட்டும் ஒரு இடம் இருக்கு, தெரியுமெல்லோ? களத்தில நிக்கத் தேவையில்லை. வருஷம் முழுக்க அந்த இடத்துக்கு ஆள் தேடித் திரிஞ்சன். உன்னைக் கதிரையில இருத்தி, முறை வர எழுப்பி விட்டிருப்பன். பந்து உன்ர தலைக்கு மேல வந்திருக்கவே மாட்டுது."

அவர் பேனையை மூடி வைத்தார்.

"இப்ப ஏலாது. வைத்தியரிட்டப் பொய் சொன்னவனை என்னால வைச்சிருக்க முடியாது" என்றார். ஏழாவது தரம் லொக்கரைக் காலி செய்தேன். கொரியாக்காரர் கை தந்துவிட்டுப் போனார்.

அமெரிக்க ரீம் சன்ரோசுக்காகக் காத்திருந்தது. ஒன்றரை வருஷத்தால் விளையாட வந்தான். பழைய ஓட்டம் வரவில்லை, வேறு இடத்தில் நிற்பாட்டினார்கள். முதல் ஹோம் ரன் அடித்த அன்று அந்த வீடியோவை எனக்கு அனுப்பியிருந்தான். ஒரு சொல்லும் எழுதவில்லை. நான் அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளவில்லை. அனுப்பினானே என்று மட்டும் இருந்தது.

இப்போது ஒஷாவாவில் ஒரு உள்ளரங்கத்தில் பந்து அடிக்கப் பழக்குகிறேன். வருகிற பெடியள் எல்லோரும் "நோவு ஒண்டும் இல்லை கோச், ஐ'ம் ஃபைன்" என்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்தக் கதவைச் சாத்திவிட்டு நான் பேசியது நாலு நிமிஷமும் இருக்காது. அந்த நாலு நிமிஷத்தைப் பேசுவதற்கு எனக்கு ஒரு பருவமும் இன்னொருவனின் முழங்காலும் தேவைப்பட்டது.