தரங்கம்பாடிக் கோட்டையில் தேடிய சுருட்டை முடி

மகளுக்கு மூன்று வயதில் வேளாங்கண்ணியில் மொட்டை போடுவதாக நேர்ந்திருந்தோம். அன்று காலை அது முடிந்தது. குளிக்க வைத்து, தலையில் சந்தனம் பூசி, கடைத்தெருவில் வாங்கிய புதுக் கவுனை மாட்டிவிட்டேன். திண்டுக்கல்லிலிருந்து இவ்வளவு தூரம் வந்தாயிற்று, தரங்கம்பாடியையும் பார்த்துவிடலாம் என்றார் கணவர். எனக்குக் கடல் என்றாலே பயம். கோட்டைக்குள்ளேயே இருந்துகொள்ளலாம், அது பத்திரம் என்று சம்மதித்தேன்.

எங்கள் ஊர்க் கோட்டை மலைமேல் இருக்கிறது. இது அலைக்கு எதிரே தரையோடு அமர்ந்திருந்தது. டேனிஷ்காரர்கள் கட்டியது. கீழே வளைவு வளைவாக இருட்டறைகள், மேலே பீங்கானும் பழைய ஆயுதங்களும் வைத்த அருங்காட்சியகம். கணவர் மதில்மேல் கடல் பார்க்கப் போனார். நான் ஒரு அறிவிப்புப் பலகையை வாசித்துவிட்டுத் திரும்பினேன். மகள் இல்லை.

இருட்டறை ஒவ்வொன்றிலும் கூப்பிட்டேன். என் குரல்தான் திரும்பி வந்தது. வெளியே சுவரோரம் ஒரு வேன் கூட்டம் வரிசையாக உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா, ஒரு பொம்பளப் புள்ளையப் பாத்தீங்களா? சுருட்டை முடி, மஞ்சக் கவுனு."

பரிமாறிக்கொண்டிருந்த அம்மா சிரித்தார். "முடியோட ஏதும்மா இங்க? எங்க வேன்ல சின்னது பெருசு அம்புட்டும் மொட்டை."

வரிசையைப் பார்த்தேன். எல்லாம் சந்தனத் தலைகள். நகர்ந்துவிட்டேன்.

காவலாளியிடமும் அதையே சொன்னேன். அவர் நேராகக் கரைக்கு ஓடினார். ஐஸ் விற்றவரும் பின்னால் ஓடினார். எல்லோரும் தண்ணீரில் சுருட்டை முடியைத் தேடினார்கள். பலகையை வாசிக்கும்போது கையை விட்டேனா? அதற்கு முன்பேவா? நேர்த்தியில் ஏதும் குறை வைத்துவிட்டோமா?

கணவர் இறங்கி ஓடி வந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது.

"ஏய், காலைலதான மொட்டை எடுத்தோம்! மஞ்சக் கவுனு பூரா முடியாக் கெடக்குன்னு நீதான மாத்திவிட்ட?"

புதுக் கவுன் என்ன நிறம்? எனக்கு நினைவே வரவில்லை.

திரும்ப ஓடினோம். வரிசையின் கடைசியில், இரண்டு மொட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து மகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்த அம்மா திகைத்துப்போனார்.

"ஏம்மா, சுருட்டை முடின்னுல்ல சொன்ன! எங்க ஆளுக புள்ளைன்னு நெனச்சு மறுசோறு வேற வச்சேன்!"

அள்ளித் தூக்கினேன். சந்தனம் என் கன்னத்தில் அப்பியது.

"அம்மா கூப்டது கேக்கலையா தங்கம்? ஏன் வரல?"

"நீ என்னையப் பாத்துட்டுத்தானம்மா போன" என்றாள்.