மாமாவுக்கு ஏற்றிய மெழுகுதிரி

என் கணவரின் அப்பா தீவிரமான சைவர். கிறிஸ்தவரின் வேதக்கோயில் வாசலை மிதிக்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணியவர். அப்படிப்பட்ட மாமாவின் பெயரைச் சொல்லி, சுவிஸில் ஒரு கோயிலில் ஒன்பது மாதம் ஜெபம் பண்ணினார்கள். ஒரு வார்த்தை சொல்லி நான் அதை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

பிழை தொடங்கியது அகதி முகாமில். என் கணவர் வந்திறங்கியபோது அதிகாரி பெயரைக் கேட்டிருக்கிறார். இவர் ஊர் வழக்கப்படி அப்பாவின் பெயரை முன்னுக்கும் தன் பெயரைப் பின்னுக்கும் சொன்னார். முன்னுக்கு வந்தது ஆளின் பெயர், பின்னுக்கு வந்தது குடும்பப்பெயர் என்று அந்த மனிதன் பதிந்துவிட்டான். அவ்வளவுதான். அன்றிலிருந்து கடதாசியில் என் கணவருக்கு மாமாவின் பெயர். அவருடைய சொந்தப் பெயர் குடும்பப்பெயராகி, பிறகு வந்த எனக்கும், இங்கே பிறந்த மகளுக்கும் ஒட்டிக்கொண்டது. தபால்பெட்டியில் அந்தப் பெயர். பல் வைத்தியர் அந்தப் பெயரால் என்னைக் கூப்பிடுவார். 'ஓம்', நான்தான் என்று எழும்பிப் போவேன்.

வீட்டில் நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இஞ்சாருங்கோ' என்றால் வருவார். வேலையிடத்துத் தமிழருக்கு அவர் அண்ணை. மகளுக்கு அப்பா. யோசித்துப் பார்த்தால், அவரை அவருடைய பெயரால் கூப்பிட சுவிஸில் ஒரு சீவன் இருக்கவில்லை.

நாங்கள் சோலோதுர்ன் நகரில் இருக்கிறோம். நான் ஒரு வைத்தியசாலையின் சலவைக்கூடத்தில் வேலை. மாதத்தில் இரண்டு ஞாயிறு, வேறொரு சபையின் கோயிலை வாடகைக்கு எடுத்து ஆங்கிலத்தில் ஆராதனை நடக்கும். இங்கிலாந்துக்காரர் எங்களை அங்கிலிக்கன் என்பார்கள், அமெரிக்கர் எபிஸ்கோப்பல் என்பார்கள். என் அம்மாவுக்கு அது எப்போதும் 'இங்கிலிசுக் கோயில்'. ஓய்வுபெற்ற ஆங்கிலேயர், கேரளத்துத் தாதிமார் இரண்டு மூன்று பேர், கானாவிலிருந்து ஒரு பெரிய குடும்பம், நாங்கள். நாற்பது பேர் வந்தால் அன்றைக்குக் கூட்டம் என்று அர்த்தம். ஆட்கள் குறைவானபடியால் ஒருவரும் சும்மா இருக்க முடியாது. ஒருவர் பூ வைப்பார், ஒருவர் வேதம் வாசிப்பார், ஒருவர் தேத்தண்ணி ஊற்றுவார். எல்லாவற்றுக்கும் ஒரு தாள், தாளில் பெயர்.

அந்தத் தாள்களுக்கெல்லாம் அதிபதி சபையின் செயலாளர். எண்பதை எட்டிய ஆங்கிலேயப் பெண்மணி. நல்ல மனுசி, ஆனால் ஒரு கோப்பை இடம் மாறி இருந்தாலும் முகம் சிவந்துவிடும். இங்கே எல்லாரும் எல்லாரையும் முதற்பெயரால் கூப்பிடுவார்கள். அவர் மட்டும் என்னை மிஸிஸ் போட்டுக் குடும்பப்பெயரால் கூப்பிடுவார். என் பெயர் கொஞ்சம் நீளம். அவருடைய நாக்கு அதனோடு ஒரு வருடம் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டுக் கைவிட்டது.

நாங்கள் சேர்ந்த முதல் மாதமே செயலாளர் என் கணவருக்கு சட்டையில் குத்துகிற பெயர்வில்லை ஒன்று அடித்துக் கொடுத்தார். அதில் மாமாவின் பெயர். வாசலில் நின்று பாட்டுப் புத்தகம் கொடுப்பது இவருடைய வேலை. வருகிறவர்கள் எல்லாரும் கை கொடுத்து மாமாவின் பெயரைச் சொல்லி நலம் விசாரித்தார்கள். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும். வீட்டுக்கு வந்ததும், இதைத் திருத்தச் சொல்லிச் செயலாளரிடம் கதைக்கிறேன் என்றேன். இவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"விடும். ஐயா கோயில் வாசல் மிதிக்கமாட்டன் எண்டு நிண்ட மனுசன். இப்ப மாசத்தில ரெண்டு தரம் அந்த வாசல்லயே நிண்டு பாட்டுப் புத்தகம் குடுக்கிறார். நிக்கட்டும்."

எங்கள் கலியாணத்துக்கு மாமா வரவில்லை. வேதக்காரியைக் கட்டினால் தன் கொள்ளிக்கும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். சொன்னபடியே ஆயிற்று. மாமா செத்தபோது எங்கள் விசா சரிவரவில்லை; வெளிக்கிட்டால் திரும்பி உள்ளே விடமாட்டார்கள். இவருடைய தம்பிதான் கொள்ளி வைத்தார். இவர் அன்றைக்கும் வேலைக்குப் போனார். அதைப் பற்றி ஒரு வார்த்தை கதைத்ததில்லை. அந்த மனிதர் இப்போது அப்பாவின் பெயரை நெஞ்சில் குத்திக்கொண்டு வாசலில் நிற்கிறார் என்றால், நான் யார் பிடுங்கி எடுக்க? விட்டுவிட்டேன். இருபத்தொரு வருடம் விட்டுவிட்டேன்.

பெப்ரவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்கு வெளிக்கிட்டுச் சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. அம்புலன்ஸ் ஒன்பது நிமிடத்தில் வந்தது. ஒன்பது நிமிடம் என்று எனக்கு நல்லாக ஞாபகம் இருக்கிறது. மற்றதெல்லாம் ஞாபகம் இல்லை.

சவ ஆராதனையில் எங்கள் போதகர் பிரசங்கம் பண்ணினார். வந்து இரண்டு வருடம் ஆகாத இளம் பெண். இவரைப் பற்றி நல்லாகவே சொன்னார், உண்மையாகவும் சொன்னார். ஆனால் ஒவ்வொரு வசனத்திலும் மாமாவின் பெயர். நம் சகோதரர் இன்னார் வாசலில் சிரித்தபடி நிற்பார், நம் சகோதரர் இன்னாரை ஆண்டவருடைய கையில் ஒப்படைக்கிறோம். ஃப்ரிபூர்க்கில் வேலை செய்கிற மகள் பக்கத்தில் இருந்தாள். என் கையை நெரித்தாள்.

"அம்மா, அப்பப்பான்ர பேரையெல்லோ சொல்லீனம்."

"இருக்கட்டும்" என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பாறாங்கல்லா நீ என்று கேட்கிற பார்வை. பாறாங்கல்தான். எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. மாமாவின் பெட்டியை மூடினார்கள், மாமாவுக்குப் பாட்டுப் பாடினார்கள். அந்தச் செத்தவீட்டுக்கு நான் போயிருந்தேன், அவ்வளவுதான். வந்தவர்களுக்குச் சாப்பாடு போதுமா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஆராதனைக்கும் போனேன். போகாமல் வீட்டில் என்ன செய்வது? திருவிருந்து மேசைத் துணிகளைத் தோய்ப்பது பல வருடமாக என் பொறுப்பு. செயலாளர் போன் எடுத்து, கொஞ்ச நாள் நான் அதைப் பார்க்க வேண்டாம், வேறு ஆள் பார்க்கும் என்றார். ஏற்கெனவே அயர்ன் பண்ணிவிட்டேன் என்றேன். திராட்சரசம் பட்ட துணியை முதலில் அலசுகிற தண்ணீரைச் சாக்கடையில் விடக் கூடாது; அது ஆசீர்வதித்த ரசம், மண்ணில்தான் ஊற்ற வேண்டும். எங்கள் மாடிக் கட்டடத்தின் பொதுச் சலவை அறையில் எனக்கு முறை வரும் நாளில், அங்கிருந்து வாளியைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டடத்துக்குப் பின்னால் உள்ள பூமரத்தடியில் ஊற்றுவேன். கட்டடக் காவலாளிக்கு நான் மூளை கழன்ற விசரி. இவர் இருக்கும்போது வாளியை இவர்தான் தூக்குவார். இப்போது அரை வாளியாக இரண்டு தரம் போய்வந்தேன். துணியை மூன்றாக மடித்து, திருப்பி மூன்றாக மடித்து, ஓரத்தை ஓரத்தோடு பொருத்தி வைத்தேன். கை தன்பாட்டில் வேலை செய்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒவ்வோர் ஆராதனையிலும் மரித்தவர்களுக்கான மன்றாட்டில் முதற்பெயர்களை மட்டும் வாசிப்பார்கள். மாமாவின் பெயர் வரும். நான் ஆமென் சொல்வேன். மாதங்கள் போகப் போக ஒன்று மட்டும் உறுத்தியது: இவருக்காக ஒருவரும் ஜெபிக்கவில்லை. இவருடைய பெயர் அந்தக் கோயிலில் ஒருதரமும் மன்றாட்டில் வரவில்லை. இவர் செத்துவிட்டார் என்று என் காதுக்கு இன்னும் ஒருவரும் சொல்லவில்லை என்பதுபோல ஒரு நினைப்பு. கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. மகள் நாளுக்கொரு தரம் போன் எடுத்து, தான் போதகருக்கு எழுதட்டுமா என்று கேட்பாள். வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்பேன். ஆனால் திருத்துவதென்றால் போதகருக்கு முன்னால் நின்று, இவருடைய பெயர் இதுதான் என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். குடும்பப்பெயராக ஆயிரம் தரம் சொன்ன பெயர்தான். அப்போது அது நான். அவர் என்று நினைத்து ஒருதரமும் சொன்னதில்லை. சொல்ல நினைத்தாலே வாய் கட்டிப்போகும்.

நவம்பரில் மரித்தோர் நினைவு ஆராதனை வரும். ஒவ்வொரு பெயராக வாசித்து, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மெழுகுதிரி ஏற்றுவார்கள். இரண்டு கிழமைக்கு முன்னரே பின்வாசல் மேசையில் தாள் வைப்பார்கள். முதற்பெயர் மட்டும் எழுதவும் என்று மேலே இருக்கும். பக்கத்தில் தேத்தண்ணி முறைத் தாள். அந்த வருடம் அடக்கம் பண்ணப்பட்டவர்களின் பெயர்களைச் செயலாளர் தானே முன்கூட்டி எழுதியிருந்தார். மாமா இரண்டாவது வரியில் இருந்தார். வெட்ட எனக்கு மனம் வரவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும், மனுசன் இருபத்தொரு வருடம் வாசலில் நின்றிருக்கிறார். கடைசி வரியில் இவருடைய பெயரை எழுதினேன். சொல்லத்தானே முடியாது, எழுதலாம். பேனையை வைத்துவிட்டு வெளியே போய்ச் சும்மா நின்றேன்.

அன்றைக்கு மகளும் ஃப்ரிபூர்க்கிலிருந்து வருவதாக இருந்தது. தடிமன் காய்ச்சல் என்று வரவில்லை. தனியாகப் போய் மூன்றாவது வரிசையில் இருந்தேன். போதகர் வாசித்தார். மாமாவின் பெயர் வந்தது, மாமாவுக்கு மெழுகுதிரி ஏற்றினார்கள். நான் கடைசிப் பெயருக்காகக் காத்திருந்தேன். போதகர் கடைசிப் பெயரை வாசித்துத் தாளை மடித்தார். அது கானாக்காரக் குடும்பத்துத் தாயின் பெயர்.

வாசிக்கவில்லை. சரி, வாசிக்கவில்லை என்று நினைத்தேன். வேறொன்றும் நினைக்க வரவில்லை.

ஆராதனை முடிந்ததும் வழக்கம்போலக் குசினிக்குள் போய்க் கோப்பை கழுவத் தொடங்கினேன். செயலாளர் கேக் தட்டோடு உள்ளே வந்தார். நான் தாளை மாறிப் பெயர் எழுதிவிட்டேனாம், நல்ல காலம் தன் கண்ணில் பட்டதாம், இல்லாவிட்டால் உயிரோடு இருக்கிற என்னைப் போதகர் செத்தவர்களோடு சேர்த்து வாசித்திருப்பாராம். சிரித்துச் சிரித்துச் சொன்னார். குசினிக் கதவில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். தேத்தண்ணி முறைத் தாளில், அன்றைய திகதிக்கு நேரே, அவருடைய அழகான கையெழுத்தில், மிஸிஸ் போட்டு இவருடைய பெயர்.

எனக்குக் கோபம்கூட வரவில்லை. பிழை யாருடையது? அந்தத் தாளில் எழுதத் தெரிந்த எனக்கு வாயில் என்ன கொழுக்கட்டையா? செயலாளர் மண்டபத்துக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் பால் முடிந்துவிட்டதென்று அங்கிருந்து குரல் கொடுத்தார். மிஸிஸ் என்பது கோப்பைச் சத்தத்தில் அமுங்கிப்போயிற்று. மண்டபம் முழுக்க இவருடைய பெயர் மட்டும் கணீரென்று கேட்டது.

அந்தப் பெயருக்கு நான் எத்தனையோ தரம் 'ஓம்' என்று திரும்பியிருக்கிறேன். அன்றைக்குத் திரும்பியது வாசல் பக்கம். அவர் பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு நிற்கிற இடத்தைப் பார்த்தேன். கூப்பிடுகிறார்கள், கேட்கவில்லையா என்று பார்த்தேன். அங்கே ஒருவரும் இல்லை.

பிறகு என்ன, கோப்பை கையிலிருந்து தொட்டிக்குள் விழுந்தது. நான் அழுதேன். ஒன்பது மாதத்து அழுகை. மூக்கால் ஒழுக, சத்தம் போட்டு, வெட்கம் கெட்டு அழுதேன். செயலாளர் ஓடிவந்தார், போதகரைக் கூட்டிவந்தார். இரண்டு பேரும் என்ன என்று கேட்டார்கள். நீங்கள் வாசிக்கிறது அவருடைய பெயர் இல்லை என்றேன்.

அப்படியானால் அவருடைய பெயர் என்ன என்று போதகர் கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். நான் தண்ணீர்க் குழாயைப் பூட்டினேன். ஏப்ரன் தலைப்பில் கையைத் துடைத்தேன். பிறகு சொன்னேன். என் கலியாண வாழ்க்கையில் முதல்தரம் என் புருசனின் பெயரை வாயால் சொன்னேன்.

அது உங்களுடைய பெயரல்லவா என்று செயலாளர் திகைத்தார். என்னுடையதல்ல, அவருடையது, முகாமில் மாறிப் பதிந்தது என்று முழுக் கதையையும் சொன்னேன். அவர் கதிரையில் இருந்துவிட்டார். அப்போ இத்தனை மாதமும் யாருக்காக ஜெபித்தோம் என்று கேட்டார்.

"என் மாமனாருக்கு. சைவக்காரர். கோயில் என்றாலே துப்புவார்."

அவர் சிரித்துவிட்டு, பயந்து வாயைப் பொத்தினார். நானும் அழுகையோடு அழுகையாகச் சிரித்தேன். போதகர் சிரிக்கவில்லை. மாமாவின் மெழுகுதிரி எரியட்டும், அதில் ஒரு பிழையும் இல்லை என்றார். பிறகு இவருடைய பெயரை எப்படிச் சொல்வது என்று கேட்டு, என் வாயைப் பார்த்து மூன்று தரம் சொல்லிப் பழகினார். மூன்றாவது தரம் கிட்டத்தட்டச் சரி.

மண்டபத்தில் ஆட்கள் பால் இல்லாத தேத்தண்ணியோடு காத்திருந்தார்கள். கழுவாத கோப்பைகளுக்கு நடுவில், ஈரக் கையோடு, மூன்று பேரும் கண்ணை மூடி நின்றோம். போதகர் சவ ஆராதனையின் அந்த ஜெபத்தை முதலிலிருந்து தொடங்கினார். ஆண்டவரே, உம்முடைய அடியானை என்று சொல்லி நிறுத்தி, மூச்சு எடுத்து, இவருடைய பெயரைச் சொன்னார்.

நான் 'ஓம்' என்றேன்.