இழுத்துப் பிடித்த வயிறுகள்

உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறவளுக்குப் பசி இருக்கலாம், தொப்பை இருக்கக் கூடாது. எங்கள் தொழிலில் இதுதான் முதல் விதி. நான் வேலைக்குச் சேர்ந்த நாளே அதை மீறியவள். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், உரக்கடைக்கு மேல்மாடியில் ஒரு ஜிம் இருக்கிறது. அங்கே காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை பெண்கள் பேட்ச்சுக்கு நான்தான் மாஸ்டர். என் மகனை ஆபரேஷன் செய்து எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. அவன் வெளியே வந்துவிட்டான். வயிற்றுக்குத்தான் இன்னும் சேதி போய்ச் சேரவில்லை. இதைப் படிக்கும்போதே வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்ட அன்பர்களே, விடுங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

ஓனர் வயிறு

எங்கள் ஓனருக்கு நாற்பது வயது. வாசல் மேஜையில் உட்கார்ந்து பதினோரு மணிக்கு டீயும் மெதுவடையும் சாப்பிடுவார். மேஜைக்கும் அவருக்கும் நடுவில் யாரோ பூசணிக்காய் வைத்த மாதிரி இருக்கும். வைகாசியில் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். "ஜிம்முக்கு வர்றவங்க மெஷினப் பாக்கறதில்ல, உன் வயித்தத்தான் பாக்கறாங்க. ஆடி முடியறதுக்குள்ள அது உள்ள போவணும். இல்லன்னா விழுப்புரத்துலேர்ந்து வேற பொண்ணு வருது" என்றார்.

குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு இரண்டு மணி நேரம் பார்க்கக்கூடிய வேலை இந்த ஊரில் இது ஒன்றுதான். அதைவிட, வீட்டில் "ஏய்" என்று கூப்பிடப்படுகிற எனக்கு இங்கே மாஸ்டர் என்று பெயர். அதை இழக்க மனசில்லை. அவருடைய பூசணிக்காயையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஓனர் புரிந்துகொண்டு, வடை எண்ணெயைப் பேப்பரில் துடைத்தபடி சொன்னார்: "எனக்கு இருந்தா அது வசதிம்மா. உனக்கு இருந்தா அது விளம்பரம்."

டேப்

மாதம் பிறந்தால் எல்லோருக்கும் இடுப்பளவு எடுத்து நோட்டில் எழுத வேண்டும். முதல் ஆள் கமலா டீச்சர். ரிட்டயர் ஆனவர், ஓனருக்கே ஐந்தாம் வகுப்பு எடுத்தவர். டேப்பைப் பார்த்ததும் டீச்சர் மூச்சை உள்ளே இழுத்தார். நான் காத்திருந்தேன். அவரும் காத்திருந்தார். முகம் சிவந்து கண் பிதுங்கத் தொடங்கியது. பயந்துபோய், "மூச்ச விடுங்க டீச்சர்" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு இழை காற்றில் சொன்னார்: "மூச்சு வுடறதுக்கு வூட்லயே இருந்திருப்பனே, நீ மொதல்ல எழுதுடி!"

ஒருபொழுது

அதன் பிறகு பேட்ச்சில் இருந்த பதினோரு பேரும் டேப்பைக் கண்டால் மூச்சை இழுத்தார்கள். நானும் எழுதிக்கொண்டேன். மாதாமாதம் நோட்டில் இடுப்பு குறைந்தது. எடை மெஷின்தான் மூச்சுக்கு மசியவில்லை. அதனால் பதினாறு மணி நேரம் வயிற்றைக் காயப்போடும் முறையைப் பற்றி ஒரு சொற்பொழிவு நடத்தினேன். தளவானூரிலிருந்து பஸ்ஸில் வரும் செல்வி, "இதுதானா? நாங்க அமாவாசைக்கு அமாவாசை ஒருபொழுது இருக்கறமே" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அமாவாசைக்கு மறுநாள் மெஷினில் ஏறினாள். ஒரு கிலோ கூடியிருந்தது. விசாரித்தேன். மத்தியானம் ஒன்றரை வரை பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கவில்லையாம். காக்கைக்கு வைத்த பிறகு வாழை இலையில் சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், வடை, அப்பளம், பாயசம். ஒருவேளைதானே என்று மூன்று வேளைக்குமாகச் சேர்த்துச் சாப்பிட்டிருக்கிறாள். ராத்திரி சோறு ஆகாதாம், அதனால் பலகாரம் என்று ஆறு இட்லி. இதற்குப் பெயர் விரதமா என்று கேட்டேன். செல்வி கொஞ்சமும் அசரவில்லை: "சாமி என்னிக்காவது எடை போட்டுப் பாத்துச்சா? நீதான் மாஸ்டரு பாக்கற."

விடுபட்ட சாப்பாடு

அடுத்து, தின்பதை எல்லாம் எழுதி வரச் சொன்னேன். உரக்கடைக்காரர் மனைவி ரேவதியின் நோட்டைப் பார்த்தால் அழுகையே வரும். காலை இரண்டு இட்லி, மத்தியானம் ஒரு கிண்ணம் சோறு, ராத்திரி ஒரு சப்பாத்தி. ஆனால் எடை மட்டும் ஏறிக்கொண்டே போனது. நோண்டி நோண்டிக் கேட்டதில் உண்மை வந்தது. பெரியவன் வைத்துவிட்டுப் போன அரை தோசை, சின்னவள் கடித்த இட்லி, வீட்டுக்காரர் மிச்சம் வைத்த பொங்கல், சட்டியின் அடியில் கிடந்த தயிர்சாதம். இதை ஏன் எழுதவில்லை என்று திட்ட வாயைத் திறந்தேன். என் மகன் தள்ளிவிட்ட நெய்ச்சோற்றை அன்று காலையில் நானும்தான் வழித்துத் தின்றிருந்தேன். "இதையும் எழுதணும்" என்று மட்டும் சொன்னேன். ரேவதிதான் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்: "அது சாப்பாடாக்கா? அது பாத்திரம் ஒழிக்கறது."

ராஜகிரி

ஊரிலேயே இவ்வளவு பெரிய மலை இருக்க, மாடியில் ஏன் குதிக்க வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் ராஜகிரிக் கோட்டைக்குக் கூட்டிப்போனேன். ஆளுக்கொரு கைப்பிடி சுண்டல் மட்டும் என்பது கட்டளை. கால்வாசிப் படியில் உட்கார்ந்தார்கள். பைகள் திறந்தன. புளிசாதம், முறுக்கு, அதிரசம். வாசனைக்கு ஒரு குரங்கு வந்து, செல்வியின் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறிவிட்டது. அன்றைக்கு உச்சிக்குப் போனது அந்த டப்பா ஒன்றுதான். கமலா டீச்சர் அண்ணாந்து பார்த்துவிட்டு, என் வயிற்றையும் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்: "நாள் பூரா தின்னுது, தொப்பையே இல்ல பாரு. அது யாரு கிட்ட போவுது ஜிம்முக்கு?"

விழுப்புரத்துப் பெண்

ஆடி மூன்றாம் வெள்ளி வந்துவிட்டது. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, மூச்சை முழுசாக விட்டு அளந்து பார்த்தேன். ஒரே ஒரு அங்குலம் குறைந்திருந்தது. ஓனருக்கு அது கண்ணிலேயே படவில்லை. மறுநாளே சோதனைக்காக விழுப்புரத்துப் பெண்ணை வரவழைத்துவிட்டார். அவள் வயிறு பலகை மாதிரி இருந்தது. கெட்டிக்காரி, நேர்மையானவள். பதினோரு பேரையும் மூச்சை விடச்சொல்லி அளந்து, அளவை உரக்கப் படித்தாள். ஒழித்த பாத்திரத்தையும் எழுதச் சொன்னாள். கோயில் கூழும் கருவாட்டுக் குழம்பும் இனிமேல் கிடையாது என்றாள். நான் மூலையில் பாய் சுருட்டிக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் செய்ததில் ஒரு தப்பும் இல்லை என்பதுதான் ரொம்ப வலித்தது.

திங்கட்கிழமை பதினோரு பேரும் ஓனர் மேஜையைச் சுற்றி நின்றார்கள். புதியவளைப் பாராட்ட வந்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன். கமலா டீச்சர் ஆரம்பித்தார். "டேய், மூணு மாசத்துல இவ எனக்கு ரெண்டு இஞ்ச் கொறச்சா. உன் புது மாஸ்டரு ஒரே காலைல மூணு இஞ்ச் ஏத்திட்டா. இத பஸ் ஸ்டாண்டுல நின்னு சொல்லட்டுமா?" செல்வியும் ரேவதியும் தலையாட்டினார்கள். ஓனர் டீச்சரைப் பார்த்தார், பதினோரு வயிற்றைப் பார்த்தார், கடைசியில் என்னுடையதைப் பார்த்தார். வடையைக் கீழே வைத்தார். "சரி சரி, போய் பேட்ச்ச ஆரம்பிம்மா. வயித்த மட்டும் கொஞ்சம் இழுத்துப் புடிச்சிக்க."

பிடித்துக்கொண்டேன்; ஆக இன்றைக்கும் செஞ்சியில் பன்னிரண்டு பெண்களின் வயிறு தட்டையாகத்தான் இருக்கிறது, டேப் கையில் இருக்கிற நேரத்தில் மட்டும்.