சூட்டில் இறக்கிய காற்று

நாத்தனாரின் புருஷனை முறைக்கு அண்ணே என்று கூப்பிடுகிறேனே தவிர, ரெண்டு வருஷத்துக்கும் மேலாக அந்த ஆளைக் கறுவிக்கொண்டுதான் இருந்தேன். கோயிலில் பக்கத்தில் நின்று திருநீறு வாங்கும்போதும் கறுவினேன். அதை மறைக்கிற உத்தேசம் எனக்கு இல்லை.

எங்கள் வண்டி ஒரு பழைய சின்ன பஸ். இலங்கை மலைநாட்டில், அப்புத்தளையில், நானும் என் வீட்டுக்காரரும் அதன் சீட்டுகளைக் கழற்றி, கட்டில், காஸ் அடுப்பு, தண்ணீர் டாங்கி எல்லாம் வைத்து அதை வீடாக்கினோம். ஊர் சுற்ற வருகிறவர்கள் அதிலேயே சமைத்து அதிலேயே படுப்பார்கள். ஓட்டியது நான். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள் கொழுந்துக் கூடையைத் தொடாமல் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறாள் என்று என் அம்மா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

இந்த மாதிரி வண்டிக்கு டயர் காற்று விளையாட்டு இல்லை. லொறி காலியாகவும் போகும், பாரத்தோடும் போகும். வீட்டு வண்டி ஒருநாளும் காலியாகப் போகாது. டயரின் பக்கத்தில் அச்சடித்திருப்பது அந்த டயர் தாங்குகிற உச்சம். அதையே அடித்துவிட்டால் வண்டி தூக்கித் தூக்கிப் போடும். அதனால் டாங்கியை நிரப்பி, ஆட்களையும் உட்கார வைத்து, பதுளையில் லொறி நிறுக்கிற தராசில் முன் சக்கரங்களின் பாரத்தையும் பின் சக்கரங்களின் பாரத்தையும் தனித்தனியாகப் பார்த்தேன். பண்டாரவளை டயர்க்கடைக்கார முஸ்லிம் நானா அந்தப் பாரத்துக்குரிய அளவைச் சொன்னார்: முன்னால் ஐம்பத்தைந்து பவுண்ட், பின்னால் அறுபத்தைந்து.

“தங்கச்சி, காலையில வண்டி எடுக்க முந்தி, டயர் குளிர்ந்து இருக்கிறப்பவே பாருங்க. ஓடின டயர்ல கை வைக்கவே வாணாம்” என்றார்.

அவர் சொன்னதில் அர்த்தம் இருந்தது. அப்புத்தளைக் குளிரில் வைத்த அறுபத்தைந்து, மலை இறங்கி வெல்லவாயச் சூட்டுக்குப் போனால் எழுபதைத் தாண்டும். தாண்டட்டும். டயர் ஆறினால் அதுவாகவே பழைய அளவுக்கு வந்துவிடும். கூடிவிட்டதே என்று சூட்டில் இறக்கினால்தான் வினை. காற்றுக் குறைந்த டயர் பாரத்தில் நசுங்கி நசுங்கி ஓடும், இன்னும் சூடேறும், கடைசியில் வெடிக்கும்.

ரெண்டு வருஷத்துக்கு முந்தி, எல்லாம் நடந்த அன்றைக்கும் காலையில் காற்றுப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன். சமையலுக்கு உதவியாக நாத்தனாரின் புருஷன், அந்த அண்ணன், வந்திருந்தார். வெல்லவாயவில் ஆற்றோரம் மத்தியானச் சாப்பாடு. திரும்பி ஏறும்போது, கொஸ்லந்தைக்கு மேலே ஒரு வளைவில் பின் டயர் வெடித்தது. ஒரு பக்கம் பள்ளம். உள்ளே பிள்ளைகளோடு ஒரு குடும்பம். வண்டியை எப்படிப் பிடித்து நிறுத்தினேன் என்று என் கைகளுக்குத்தான் தெரியும்.

இறங்கியதும் அந்த ஆள் கேட்ட முதல் கேள்வி, “தங்கச்சி, காத்து பார்க்கலையா?” வீட்டுக்கு வருவதற்குள் அது ‘காத்து பார்க்கல’ ஆகிவிட்டது. திருவிழாவுக்குள் ‘பொம்பள கையில வண்டியக் குடுத்தா இப்படித்தான்’ ஆகிவிட்டது. தேர் இழுக்கிற கூட்டத்துக்கு நடுவே சத்தமாகச் சொன்னார். என் வீட்டுக்காரர் தேர்வடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் வண்டிச் சாவி அவர் சட்டைப் பைக்குப் போய்விட்டது.

பிறகு வீட்டுக்காரர் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினேன். வளைவில் தளும்பிக் கையைச் சுட்டால் முன்னாலிருந்து அவர் குரல் வரும்: “பார்த்து ஊத்தக்கூடாதா?” பார்த்துத்தானய்யா காற்றும் அடித்தேன்! பல்லைக் கடித்துக்கொள்வேன். எனக்கு என் ஸ்டியரிங் வேண்டும். அதைப் பறிக்க வைத்த அண்ணன் மூக்குடைபட வேண்டும். வேறு எந்த வேண்டுதலும் அம்மனிடம் வைக்கவில்லை.

போன சித்திரைக்குப் பிறகு அண்ணன் சொந்தமாகவே ஒரு வீட்டு வண்டி வாங்கினார். எங்களுடையதைவிடப் பெரிசு. ஹல்துமுல்லைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டியவருக்கு ஒரே பெருமை. கோயில் வாசலில் எலுமிச்சம்பழத்தை நசுக்கி, தேங்காய் உடைத்து, முதல் பயணத்தை எங்களோடு சேர்ந்தே வெல்லவாயவுக்குக் கிளப்பினார். வண்டிக்கு ஒன்றாகக் கொழும்பிலிருந்து வந்த ரெண்டு குடும்பங்கள். அண்ணனோடு நாத்தனாரும் அவர்கள் மகளும்.

அதே ஆற்றோரம். சாப்பிட்டுவிட்டுச் சட்டி கழுவப் போனவள், அண்ணனின் வண்டிக்குப் பின்னால் ‘ஸ்ஸ்’ என்ற சத்தம் கேட்டு நின்றேன். உச்சி வெயிலில் அவர் குந்திக்கொண்டு, குச்சியால் வால்வை அழுத்திக் காற்றை இறக்கிக்கொண்டிருந்தார். எழுந்து டயரை மிதித்துப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த டயருக்குப் போனார். கொழுந்து லொறிக்காரர்களின் பழக்கம் அது. மத்தியானத்தில் டயர் கல்லாக இருந்தால் கொஞ்சம் இறக்கிவிடுவார்கள். தோட்டத்துக் கல் ரோட்டில் ஊர்ந்து போகிற லொறிக்கு அது தாங்கும்.

அடப்பாவி! என் டயரிலும் இதைத்தானே செய்திருக்கிறான்!

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்த நினைப்பு: ஏறட்டும். கொஸ்லந்தை வளைவில் வெடிக்கட்டும். நான் இறங்கிப் போய், ‘அண்ணே, காத்து பார்க்கலையா?’ என்று கேட்க வேண்டும். அதை வாய்க்குள்ளேயே ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். இனித்தது. அப்போது அவர் மகள் ஈரத் தலையோடு ஓடிவந்து அந்த வண்டிக்குள் ஏறி, பின் சக்கரத்துக்கு நேர் மேலே உட்கார்ந்து எனக்குக் கை காட்டினாள். வெடித்தால் அவளுக்குக் கீழேதான் வெடிக்கும். சரி, உன் மகளுக்காக உயிரோடு போ. ஆனால் சும்மா போக விடமாட்டேன் என்று முடிவெடுத்தேன்.

அண்ணன் கை கழுவ ஆற்றுக்குப் போனார். பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டு, வால்வு கழற்றுகிற சாவியை எடுத்துவந்து, ரெண்டு பின் டயர்களிலும் வால்வின் ஊசியைக் கழற்றினேன். காற்று சீறிக்கொண்டு போனது. புது வண்டி பின்பக்கமாக உட்கார்ந்தது. சத்தத்துக்கு எல்லாரும் ஓடிவந்தார்கள்.

“ஏய், என்னா செய்யுற? பைத்தியமா ஒனக்கு?”

“காத்து எறக்குறேன் அண்ணே. நீங்க கொஞ்சம்தானே எறக்குனீங்க? நான் முழுசா எறக்குறேன்.”

“சூட்டுல ஏறுன காத்த எறக்காட்டி வெடிச்சிரும்! லொறி ஓட்டுனவனுக்கு நீ சொல்லித் தாறியா? ஒங்க வண்டியிலயும் அன்னைக்கு நான்தானே எறக்கி விட்டேன்!”

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே அது உறைத்தது. என் வீட்டுக்காரர் சோற்றுக் கையோடு நின்றார்.

“அன்னைக்குன்னா, வெடிச்ச அன்னைக்கா?” என்று கேட்டது நாத்தனார்தான். அவள் பையையும் மகளின் துவாயையும் எடுத்துக்கொண்டு எங்கள் வண்டியில் போய் ஏறினாள். அவரோடு வந்த கொழும்புக் குடும்பம் ஒரு வேனுக்குப் போன் போட்டது.

“தங்கச்சி, அந்த ஊசியக் குடு. பின்னுக்கு எவ்வளவு அடிக்கணும்?” அண்ணனின் குரல் இறங்கியிருந்தது.

“அத வண்டியத் தராசுல ஏத்திப் பார்த்துத்தான் சொல்லணும் அண்ணே. என் கணக்கு என் வண்டிக்கு. இப்ப டயரு சூடு. விடியக்காலையில ஆறுனப்புறம் பம்பு வச்சு அடிங்க.”

“அப்ப ராத்திரிக்கு?”

“வீடு மாதிரிதானே கட்டியிருக்கீங்க? படுங்க.” ஊசிகளை அவர் உள்ளங்கையில் வைத்தேன். அந்த முகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு ரெண்டு பிடி கூடுதலாக இறங்குகிறது.

என் வீட்டுக்காரர் கையைக் கழுவிவிட்டு வந்து, வண்டிச் சாவியை நீட்டினார். மன்னிப்பா? அதெல்லாம் அவர் வாயில் வராது. நானும் கேட்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு, “நீங்க பின்னால போய் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்துங்க” என்றேன்.

கொஸ்லந்தைக்கு மேலே அந்த வளைவு வந்தது. டயர்கள் நின்று பிடித்தன. பின்னால் கோப்பை உருளுகிற சத்தமும், ‘ஆ’ என்று என் வீட்டுக்காரரின் குரலும் கேட்டன.

“பார்த்து ஊத்தக்கூடாதா?” என்று கத்தினேன்.