ஆலங்கொல்லைக்குக் கரண்ட் வந்துவிட்டது

ஜான்சிக்குப் பழனிவேலைப் பிடிக்காது. பழனிவேலுக்கும் ஜான்சியைக் கண்டால் ஆகாது. சிதம்பரம் கீழவீதியில் மாடியிலிருந்த அவருடைய கம்ப்யூட்டர் சென்டருக்கு 2005ஆம் வருஷம் அவள் சேர வந்த அன்றே அது தீர்மானமாகிவிட்டது.

"வெப் டிசைனா? அதெல்லாம் உனக்கு எதுக்கும்மா? டிடிபி கத்துக்க, கல்யாணப் பத்திரிகை அடிக்கலாம்" என்றார்.

"பத்திரிகை அடிக்கிறதுன்னா அச்சாபீசுக்கே போயிருப்பேனே சார்."

பக்கத்தில் இருந்த பையன்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. எழுத்து தேய்ந்துபோன கீபோர்டு உள்ள மூலைக் கம்ப்யூட்டரை அவளுக்கு ஒதுக்கினார்.

பண்ருட்டியை அடுத்த அண்ணாகிராமம் பக்கம் ஆலங்கொல்லைதான் அவளுக்கு ஊர். அம்மா சவரியம்மாள் முந்திரிக்கொட்டை உடைப்பவள். கொட்டைத் தோட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல்கள் கறுத்தே கிடக்கும். மகள் டீச்சராக வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். மகளோ கம்ப்யூட்டர் என்று சிதம்பரத்துக்கு வந்துவிட்டாள். அதிலிருந்து இருவருக்கும் ஒட்டவில்லை.

பழனிவேல் நடத்தியதெல்லாம் திரையில் ஓடுகிற எழுத்தும் மினுக்குகிற நட்சத்திரமும்தான். ஜான்சி மற்றவர்கள் செய்த வெப்சைட் பக்கங்களைத் திறந்து, 'வியூ சோர்ஸ்' அழுத்தி, உள்ளே எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்துக் கற்றாள். ஒரு டேகை மூட மறந்தால் பக்கமே சரிந்துவிடும். தமிழில் தட்டினால் கட்டம் கட்டமாக வரும். யூனிகோடு பிடிபட்ட அன்று தன் ஊர்ப் பெயரைத்தான் முதலில் தட்டினாள். திரையில் 'ஆலங்கொல்லை' என்று பளிச்சென்று வந்தது. சந்தோஷத்தில் பழனிவேலைக்கூடக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"இத யாரு படிப்பா? உங்க ஊர்ல கம்ப்யூட்டர் இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

படிப்பு முடிந்ததும் அவரிடமே வேலைக்குச் சேர்ந்தாள். லாட்ஜ், ஜவுளிக்கடை என்று வெப்சைட் கேட்டு வந்தவர்களுக்குச் செய்துகொடுக்க அவருக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. அவளுக்கும் வேறு இடம் கிடைக்கவில்லை. ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கப் பிடிக்காமலேயே அந்த அறைக்குள் வருஷங்கள் போயின.

2011 கடைசியில் 'தானே' புயல் அடித்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்ததில் மோட்டார் ஓடாமல் குடிதண்ணீர்த் தொட்டிகள் காய்ந்தன. சிதம்பரத்துக்கு மின்சாரம் திரும்பியதும் ஜான்சி இன்டர்நெட்டில் ஒரு பக்கம் போட்டாள். எந்த ஊரில் கரண்ட் இருக்கிறது, எங்கே தண்ணீர் இல்லை, எந்தச் சாலையில் மரம் கிடக்கிறது என்கிற விவரம். கீழே தன் செல் நம்பர். சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்த ஊர்ப் பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் உதவி அனுப்பினார்கள். அவள் போன் ஓயவில்லை. அம்மாவின் போன் மட்டும் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது.

அப்போதுதான் தமிழ்மணி என்று ஒருவன் கூப்பிட்டான்.

"ஆலங்கொல்லைக்குக் கரண்ட் வந்துடுச்சிங்க. பக்கத்துல எங்க நாவல்மேட்டுக்குத்தான் வரல. தண்ணி இல்லாம சாவறோம்."

அம்மா வீட்டில் விளக்கு எரிகிறது என்று அவளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. வேறு யாரையும் விசாரிக்காமல் அப்படியே ஏற்றினாள்.

அது பொய். சென்னையிலிருந்த ஆலங்கொல்லைக்காரர்கள் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வாடகை ஜெனரேட்டர் ஒன்றை லாரியில் அனுப்பியிருந்தார்கள். பக்கத்தைப் பார்த்தவர்கள், நம் ஊருக்குத்தான் வந்துவிட்டதே என்று லாரியை நாவல்மேட்டுக்குத் திருப்பிவிட்டார்கள்.

மறுநாள் ஆலங்கொல்லை வார்டு மெம்பர் லூர்துசாமி ஆட்களோடு மாடியேறி வந்தார். "எங்க அவ?" என்ற சத்தத்தில் பழனிவேல் எழுந்து சுவரோரம் ஒதுங்கினார். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து சவரியம்மாள் முன்னே வந்தாள்.

"குட்டைத் தண்ணிய வடிகட்டிக் குடிக்கிறோம்டி. ஊர்ல கரண்ட் வந்துடுச்சின்னு உனக்கு எவன்டி சொன்னான்? ஒரு தடவ வந்து பாத்தியா?"

"போன்ல ஒருத்தரு சொன்னாரும்மா..."

"பெத்தவ ஊரப் பத்தி எவனோ சொன்னா நம்பிடுவியா?"

ஜான்சி எழுந்தாள். அவர்களுடனேயே வண்டியில் ஏறி நேரே நாவல்மேட்டுக்குப் போனாள். அங்கே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் குடங்களோடு முட்டிமோதிக்கொண்டு நின்றார்கள். தமிழ்மணி மறைக்கக்கூட முயலவில்லை.

"ஆமா, நான்தான் சொன்னேன். உங்க ஊருக்குச் சென்னையில ஆளு இருக்கு. எங்களுக்கு யாரு இருக்கா? பொய் சொல்லாம இருந்தா எங்க புள்ளைங்க வாயில எவன் தண்ணி ஊத்தியிருப்பான்?"

லூர்துசாமி அவன் சட்டையைப் பிடித்தார். குடங்களைப் போட்டுவிட்டு நாவல்மேட்டுப் பெண்கள் ஓடிவந்தார்கள். கைகலப்பாகிவிடுமோ என்ற நிலையில் லாரி டிரைவர்தான் நடுவே புகுந்து, இந்தத் தொட்டி நிறைந்ததும் அங்கே வருகிறேன் என்று கத்தினார். சாயங்காலம் ஆலங்கொல்லைத் தொட்டியில் தண்ணீர் ஏறியது. ஜான்சிக்கு ஒருவரும் ஒரு சொம்பு தண்ணீர் நீட்டவில்லை.

அவள் சிதம்பரம் திரும்பி, பக்கத்தின் உச்சியில் எழுதினாள்: 'ஆலங்கொல்லை பற்றிப் போட்டது தவறு. நாவல்மேடு தமிழ்மணி சொன்ன பொய்யை விசாரிக்காமல் போட்டது நான்.' இனி ஒவ்வொரு ஊருக்கும் எதிரே தகவல் சொன்னவர் பெயரும் நேரமும் வரும்படி அட்டவணையை மாற்றினாள். இரண்டு பேர் சொன்னால்தான் ஏற்றுவது என்று வைத்துக்கொண்டாள்.

தமிழ்மணி போனில் கத்தினான். "என் பேர எடுத்துடு. இல்லன்னா ஊரோட வந்து நிப்பேன்."

"வா. உங்க ஊருக்குத் தண்ணி இல்லன்னு சொன்னது நெஜம்தான்னு அதையும் போட்டிருக்கேன், பாத்துக்க" என்று வைத்துவிட்டாள்.

பழனிவேல் பக்கத்தையே எடுக்கச் சொன்னார். "நாளைக்கி அவனுங்க வந்து கண்ணாடிய ஒடச்சா யாரு பதில் சொல்றது? உன்ன அன்னிக்கே டிடிபி கத்துக்கன்னேன்."

"எடுக்க மாட்டேன் சார்."

"அப்ப வெளிய போ."

போனாள். கடலூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, கடைசி ஊருக்கு மின்சாரம் வரும்வரை அந்தப் பக்கத்தை நடத்தினாள். லூர்துசாமிகூடத் தகவல் சொல்லக் கூப்பிட்டார். "எழுதிக்க" என்று ஆரம்பிப்பார். நன்றாக இருக்கிறாயா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பிறகு கடலூரிலேயே சிறியதாக ஓர் அறை பிடித்து, வெப்சைட் செய்துகொடுக்கிற தொழிலைத் தொடங்கினாள்.

2012 கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனாள். சவரியம்மாள் தட்டில் சோறு போட்டு, கறிக்குழம்பை ஊற்றி, மகள் முகத்தைப் பார்க்காமல் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். ஜான்சி சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பண்ருட்டி பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.