வேல்ஸ் மலையில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு

இலண்டனில் தமிழ்க் கலியாணங்களுக்கு வீடியோ எடுக்க வருபவன், கமராவைப் பழகுவதற்கு முன் மாப்பிள்ளையின் அம்மாவைப் பழகிக்கொள்ள வேண்டும். இந்தத் தொழிலில் என்னோடு சேர்ந்து சீரழியும் நண்பர்களுக்கு இது புதிதில்லை; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

நிபந்தனை

குட்மேய்ஸ் பக்கத்து மாப்பிள்ளை குகனுக்கு ஒரே ஆசை. மாப்பிள்ளை அழைப்பன்று மண்டபத்தில் சனம் நிறைந்திருக்கும்போது, திரையில் அவன் மலைப்பாதையில் மோட்டார் சைக்கிளில் வளைந்து வளைந்து வர வேண்டும். ஆசைக்குப் பின்னால் அவனுடைய அம்மா இருந்தார்; எங்களுக்கு அவர் அன்ரி. வண்டி மணப்பெண் ஷர்மியுடையது. "கலியாணத்துக்குப் பிறகு என்ர மகன் ஓடட்டும், இல்லாட்டி அதை வித்துப்போடுங்கோ" என்று அன்ரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஷர்மிக்கு அந்த வண்டி உயிர். விற்கிற பேச்சை எடுத்தாலே கண் கலங்கிவிடுவாள்.

ஆகவே மகன்தான் ஓடுகிறான் என்று வீடியோவில் காட்டியாக வேண்டும். "எப்ப ஓடப் பழகினனீர்?" என்று கேட்டேன். குகன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னான்: "அண்ணை, எனக்குச் சைக்கிளே ஓட ஏலாது."

தேசிக்காய்

ஹெல்மெட் போட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? ஷர்மி ஓடுவாள், குகன் பின்னால் இருப்பான். இருவருக்கும் ஒரே கறுப்பு ஜாக்கெட். வண்டியை எங்கள் வான் வாகனத்தில் ஏற்றிக் கட்டிவிட்டுத் திரும்பினால், இடியப்பப் பார்சலோடும் மட்டன் ரோல்ஸோடும் அன்ரி முன் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

வேல்ஸில் மலையடிவாரத்தில் வண்டியை இறக்கியதும், அன்ரி கைப்பையிலிருந்து தேசிக்காய் ஒன்றை, எலுமிச்சம்பழம்தான், எடுத்து முன்சில்லுக்குக் கீழே வைத்தார். "தம்பி, ஏறி நசி." குகன் என்னைப் பார்த்தான். "தள்ளிக்கொண்டு போனால்தான் கமராவில வடிவு அன்ரி" என்று நான் குறுக்கே விழுந்தேன். அவன் தள்ளினான், தேசிக்காய் நசிந்தது, அன்ரிக்குத் திருப்தி இல்லை. "ஸ்டார்ட் பண்ணாமல் நசிச்சால் சாமி கணக்கெடுக்குமே?"

பின் கண்ணாடி

வானை ஓட்டியது என் மனைவி மலர், பக்கத்தில் அன்ரி. நான் பின்கதவுக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு படம் பிடித்தேன். வான் முதல் வளைவைத் தாண்டிய பிறகுதான் இருவரும் அன்ரியின் கண்ணுக்கு மறைவாக வண்டியில் ஏறினார்கள்.

அந்தப் பெண் ஓடிய அழகை என்னவென்று சொல்வது! ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், நடுவில் செம்மறிகள். அவற்றுக்கு வழிவிட்டு நின்று, மீண்டும் எடுத்து, அடுத்த வளைவில் அப்படியே சாய்ந்து வந்தாள். பின்னால் இருந்தவர் கண்ணை மூடிக்கொண்டு அவளைக் கட்டிப்பிடித்திருந்தார். "என்ர பிள்ளை எப்பிடி ஓடுறான், தம்பி?" என்று அன்ரி கேட்டார். "முன்னுக்கு இருக்கிற ஆள் அந்தமாதிரி ஓடுது அன்ரி" என்றேன். பொய் சொல்லவில்லை, கவனியுங்கள். அன்ரிக்குப் பெருமை தாங்கவில்லை. "தகப்பனும் இப்பிடித்தான், வளைவில நல்ல நிதானம்."

உச்சியில்

உச்சியில் வானை நிறுத்தியதும் பட்டரி மாற்றக் குனிந்தேன். அதற்குள் வண்டி வந்து நின்றது. பின்னால் இருந்தவர் பாய்ந்து இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புல்லில் ஓங்காளித்துச் சத்தி எடுத்தார். அது குகன் என்பது அன்ரிக்கு நன்றாகத் தெரிந்தது.

ஷர்மி தன் ஹெல்மெட்டைக் கழற்றினாள். சாவியை உருவி அன்ரியிடம் நீட்டினாள். "சொறி மாமி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ, நான்தான் ஓடினனான்." கலியாணமே நின்றுவிடப் போகிறது என்று நான் பட்டரியும் கையுமாக நின்றேன். அன்ரி மகனைப் பார்த்தார். ஏறி வந்த பாதையை எட்டிப் பார்த்தார். பிறகு சாவியை அவள் கைக்குள்ளேயே வைத்துப் பொத்தினார். "பின்னுக்கு இருந்தே இவனுக்கு இந்தக் கதி. நீயே ஓடு பிள்ளை, இவனை மட்டும் முன்னுக்கு விட்டிடாதை."

கலியாண வீடியோக்காரனின் தலைவிதி இவ்வளவுதான்: எடுக்க வேண்டிய காட்சி எப்போதும் அவன் பட்டரி மாற்றும்போதுதான் நடக்கும்.